பிரித்துப் போட்ட வண்டி

இசக்கி கதவைத் திறந்துகொண்டு வந்த வேகத்தைப் பார்த்து, யாரையோ அடிக்கப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

வெயில் சந்துக்குள் இறங்கத் தொடங்கியிருந்தது. நான் வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் ஏழுமலை எங்கள் பழைய பிக்கப் வண்டியின் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். துருப்பிடித்த ஒரு போல்ட் கழல மாட்டேன் என்றது. அதன் தலையில் சுத்தியலால் போட்டுக்கொண்டே இருந்தார். ஒவ்வோர் அடிக்கும் வீட்டு ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

எங்கள் வீட்டை ஒட்டி வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்டிருந்த அறைகளில் ஒன்றில் குடியிருந்த பெண் இசக்கி. சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். ஒரகடத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நைட் ஷிப்ட். இரவெல்லாம் நின்றுவிட்டு அப்போதுதான் வந்து படுத்திருந்தாள். கன்னத்தில் தலையணை மடிப்பின் தடம் அப்படியே இருந்தது. நேராக வந்து அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கினாள்.

"என்னண்ணே இது? மனுசி கொஞ்ச நேரம் ஒறங்க வேண்டாமா? நேத்து லைன்ல நின்னுக்கிட்டே கண்ணசந்துட்டேன். சூப்பர்வைசரு எல்லாரு முன்னாடியும் ஏசுதாரு. இன்னொரு தடவ இப்படின்னா வேலைக்கே வராதங்காரு."

"ஒரே ஒரு போல்ட்டும்மா..."

"போன வாரமும் ஒரு போல்ட்டுன்னுதாம் சொன்னிய."

சுத்தியலோடு அறைக்குள் போனாள். உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அவர் தன் வெறுங்கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாமே, என் சுத்திய எட்த்துக்கினு பூட்டா?"

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அந்த நாட்களில் அந்தச் சந்தில் யாருக்குமே சரியான தூக்கம் இல்லை.

கோழி இறகும் கழுத்துப் பட்டையும்

அந்த வண்டி எங்களுக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வாலாஜாபாத்தில் கோழிப்பண்ணை வைத்திருந்த ஒருவரிடமிருந்து வாங்கியது. கழுவிக் கழுவிப் பார்த்தோம். சீட்டுக்கு அடியிலிருந்து மாதக்கணக்கில் வெள்ளை இறகு பறந்து வந்துகொண்டிருந்தது. மழை பெய்தால் கூண்டு நாற்றம் எழும். முதன்முதலாக என்னை உட்கார வைத்து வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு ஓட்டிப் போனபோது, இறங்கியதும் என் தலையிலிருந்து ஓர் இறகை எடுத்துவிட்டு, "ஒண்ணும் தெரியல, வா" என்றார்.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் காருக்கான பிளாஸ்டிக் சாமான்கள் செய்வார்கள். அவற்றை நீலப் பெட்டிகளில் அடுக்கிப் பெரிய கார் தொழிற்சாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது இவர் வேலை. கேட்டுக்கு வெளியே வண்டிகள் வரிசையில் நிற்கும். இவர் ஸ்டியரிங் மேல் தலையை வைத்து ஒரு தூக்கம் போடுவார். செக்யூரிட்டி வந்து கதவைத் தட்டி, "ஏழுமலண்ணா, ஒன் டர்னு" என்று எழுப்புவார். அதை வீட்டில் வந்து சொல்லும்போது அவ்வளவு பெருமை.

கழுத்தில் ஒரு பட்டை தொங்கும், அடையாள அட்டையோடு. கல்யாண வீட்டுக்குப் போனால்கூட அதைக் கழற்ற மாட்டார். "சட்டை மேல அசிங்கமா இருக்குதுங்க" என்பேன். "மறந்துட்டன்மே" என்பார். மறக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் வரிசையில் நின்ற வண்டியை அந்த செக்யூரிட்டியே ஓரம் கட்டச் சொன்னார்.

"கோச்சிக்காதண்ணா. பழைய வண்டி எதுவும் இனிமே உள்ள வரக் கூடாதாம். மேல இருந்து சொல்லிட்டாங்க."

கொஞ்ச நேரத்தில் வேறொரு புது வண்டி வந்தது. இவர் வண்டியிலிருந்த நீலப் பெட்டிகளை அதில் மாற்றினார்கள். இவரும் கூடச் சேர்ந்து தூக்கிக் கொடுத்திருக்கிறார். வெறும் வண்டியோடு வீட்டுக்கு வந்தவர், சாப்பிட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் நான் சமைத்து விற்க ஆரம்பித்தேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் அறை எடுத்துத் தங்கியிருந்த பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு. ஸ்கூட்டியில் காலுக்கு நடுவே சாம்பார்ப் பாத்திரம், பின்னால் கட்டிய பெட்டியில் சோறு.

அவருக்கு அவ்வப்போது ஏதாவது கிடைக்கும். யாராவது அறை காலி செய்தால் கட்டில், பீரோ ஏற்றுவார். அப்படி ஒரு பையனின் சாமான்களைச் சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன் பக்கம் இறக்கிவிட்டுத் திரும்பும்போதுதான் வண்டி புகைந்து நின்றது.

மெக்கானிக் ஒருவர் வந்து ஆயில் மூடியைத் திறந்தார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில், பால் அதிகம் ஊற்றிய டீ மாதிரி இருந்தது.

"தண்ணி உள்ள எறங்கிட்ச்சி. இன்ஜின் வேல. இத்தப் போயி செலவு பண்ணி... எடைக்கிப் போட்ருங்கண்ணா."

வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். எங்கள் சந்து முனையில் இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "எடைக்கிப் போடுன்றான்மே."

அடுத்த நாளே ஸ்பானர் செட்டைத் தேடி எடுத்தார்.

என் பாத்திரங்கள் போன இடம்

வீட்டில் வைத்து வண்டி சரிசெய்வது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆரம்பித்தால் அடுத்த ஞாயிறுக்குள் முடியும் என்று நினைத்தேன். எத்தனை ஞாயிறு போனது என்று சொல்லத் தெரியவில்லை. வெயில் காலத்தில் ஆரம்பித்தது. மழை பிடித்தபோதும் பானெட் திறந்தே கிடந்தது, மேலே என் பழைய புடவை விரித்து.

முதலில் என் இட்லிக் குண்டானின் தட்டுகள் காணாமல் போயின. தேடினால், ஒவ்வொரு குழியிலும் ஒரு நட்டு. எதை எங்கிருந்து கழற்றினார் என்று மறக்காமலிருக்க அந்த ஏற்பாடு. பிறகு அரிசி களையும் அகலப் பாத்திரத்தில் டீசல் ஊற்றிச் சாமான்களை ஊற வைத்தார். அதைக் கேட்டபோது, "கழுவித் தரன்மே" என்றார். டீசல் வாடை கழுவினால் போகுமா? புதிதாகப் பாத்திரம் வாங்கினேன்.

போனை மட்கார்டில் சாய்த்து வைத்து வீடியோ பார்ப்பார். அதில் ஒருவர் இந்தியில் பேசிக்கொண்டே இரண்டு நிமிடத்தில் இன்ஜினைப் பிரித்துவிடுவார். இவருக்கு ஒரு போல்ட்டுக்கு ஒரு நாள். போகிறவர்கள் எல்லாம் நின்று யோசனை சொல்வார்கள். ஒருவர் சொல்வதை அடுத்தவர் தப்பு என்பார். இரண்டு பேரும் போன பிறகு இவர் இரண்டையும் செய்து பார்ப்பார்.

எல்லாம் கழற்றி முடிக்கும் நேரத்தில் ஒரு போல்ட் பாதியில் முறிந்தது. தலை கையோடு வந்துவிட்டது, உடம்பு இன்ஜினுக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை எடுக்க வெல்டிங்காரரை அழைத்து வர ஒரு வாரம் அலைந்தார். வரேன் வரேன் என்று சொன்னவர் ஒருநாள் வந்து, முறிந்த துண்டின் மேல் ஒரு நட்டை ஒட்டித் திருகி எடுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போனார்.

இன்ஜினின் மேல்பாகத்தை வாலாஜாபாத்தில் லேத் பட்டறைக்கு எடுத்துப் போய்ச் சமப்படுத்த வேண்டும். பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார்கள். ஸ்கூட்டியில் என் சாம்பார்ப் பாத்திரம் நிற்கும் இடத்தில் அதைச் சாக்கில் சுற்றி வைத்து, நான் ஓட்ட, அவர் பின்னால் உட்கார்ந்து வந்தார். ஒவ்வொரு வேகத்தடையிலும் என் கணுக்காலில் இடித்தது. திரும்பும்போது அதற்கு மேலே வைக்கும் கேஸ்கட் என்கிற தகட்டை வாங்கினோம். வீட்டுக்கு வந்து பொருத்திப் பார்த்தால் ஒரு துளை தள்ளி இருந்தது. அடுத்த நாள் மறுபடி போனோம். கடையில் அது இல்லை, வர வைக்கிறேன் என்றார்கள்.

அன்று சமைத்துக்கொண்டிருக்கும்போது கரண்டியைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து தூங்கியிருக்கிறேன். ரசம் பொங்கி அடுப்பை அணைத்திருந்தது.

இந்த நிலையில்தான் இசக்கி வந்து சுத்தியலைப் பிடுங்கியது.

சுத்தியல் ஒப்பந்தம்

அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பி வந்தவள், நீலச் சட்டையும் வாரி இழுத்த பின்னலுமாக எங்கள் வாசலில் நின்றாள். சுத்தியலை நீட்டினாள். கோபம் போயிருந்தது.

"மன்னிச்சுக்கோங்கண்ணே. ஒறக்கம் இல்லைன்னா எனக்கு யாரையும் தெரிய மாட்டேங்கு."

"நாந்தாம்மா தப்பு" என்றார் அவர்.

அப்போதே ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. பகலில் சத்தமில்லாத வேலை: துடைப்பது, சுரண்டுவது, டீசலில் கழுவுவது. சாயங்காலம் அவள் பஸ் ஏறிய பிறகு சுத்தியல் வேலை, அதுவும் விளக்கு வைக்கும் வரைதான். ஆனால் சுத்தியல் அவள் வசம் இருக்கும். காலையில் வந்ததும் வாங்கிக்கொண்டு போவாள், சாயங்காலம் கொடுத்துவிட்டுப் போவாள். ஒரு நாளும் தவறவில்லை. தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுப்பேன் என்றாள்.

பழைய கேஸ்கட் இன்ஜின் மேல் கருகி ஒட்டியிருந்தது. அதைச் சுரண்ட அவரும் நானும் நாள்கணக்கில் உட்கார்ந்தோம். பனியன் வேஸ்ட் துணியும் தேய்ந்த பிளேடுமாக. என் விரல்களில் மஞ்சளும் கரியும் சேர்ந்து ஒரு பச்சை நிறம் ஏறியிருந்தது. தூக்கம் வராத நாளில் இசக்கியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, கொட்டாவி விட்டுக்கொண்டே பார்ப்பாள்.

சரியான கேஸ்கட் வந்தது. மாட்டினார். மேல்பாகத்தை நாங்கள் தூக்கிக் கொடுக்க, இறக்கி வைத்தார். போல்ட்டுகளை முறுக்கினார். இட்லித் தட்டின் குழிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. இன்னும் இரண்டு நாளில் ஓடும் என்று நினைத்தேன்.

இரண்டு நாள் போனது. ஒரு வாரம் போனது.

நேற்றைய சத்தம்

அதைக் கண்டுபிடித்தது நான் இல்லை.

"அக்கா" என்றாள் இசக்கி ஒருநாள், குழாயடியில் என் பக்கத்தில் நின்று பல் துலக்கிக்கொண்டே. "ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதிய. கண்ணை மூடிட்டுப் படுத்துக் கிடந்தாலும் அண்ணன் என்ன செய்தாவன்னு சத்தத்துலயே எனக்குத் தெரியும். அந்தச் சின்ன பைப்பு இருக்குல்லா, அதை முந்தாநேத்து மாட்டுனாவ. நேத்து கழத்தித் திரும்ப மாட்டுனாவ. இன்னைக்கும் மாட்டுதாவ. நேத்து கேட்ட சத்தம்தான் இன்னைக்கும் கேக்கு."

வீட்டுக்குள் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் டீசல் குழாய்களை வரிசையாகத் துணியில் அடுக்கி வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார். பளபளவென்று இருந்தன. துடைக்க அதில் ஒன்றுமில்லை. ஒன்றை வெளிச்சத்துக்குத் தூக்கி, அதன் துவாரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தார். கீழே வைத்தார். அடுத்ததை எடுத்தார்.

மதியம் அவருக்குச் சோறு போட்டுவிட்டுக் கேட்டேன்.

"வண்டி ரெடிதான?"

"எங்கமே ரெடி? இன்னும் பைப்பு கிளீன் பண்ணணும்."

"அத்த நேத்தே பண்ணிட்ட." கோபம் வந்தால் எனக்கு அவர் 'நீ' ஆகிவிடுவார்.

சோற்றைப் பிசைந்த கை நின்றது. "யாரு சொன்னது?"

"யாரோ. ஸ்டார்ட் பண்ணிப் பாக்க வேண்டியதுதான?"

அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸ்டார்ட் பண்ணிட்டு எங்க போறது, சொல்லு."

நான் ரசக் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"தெருவுல போறவன்லாம் கேக்குறான். இன்னா ஏழுமல, டூட்டிக்கிப் போவலியான்னு. வண்டி ரிப்பேர்ல கீதுன்னு சொல்றேன். சரி, போயிடறான். ரிப்பேர் முட்ச்சிட்டன்னு வெச்சிக்க. அப்புறம் இன்னான்னு சொல்றது?"

இத்தனை மாதமும் எனக்கு அந்த வண்டி மேல்தான் ஆத்திரம். கையில் கட்டை இருந்தால் அடித்து நொறுக்கியிருப்பேன். இப்போது அந்த ஆத்திரத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். முதுகு வலித்தது. அழலாம் போலிருந்தது, அதற்கும் தெம்பில்லை.

"இருங்காட்டுக்கோட்டையில ரூம் பசங்க மதியச் சோறு கேட்டுக்கினே கீறாங்க. ஸ்கூட்டில அவ்ளோ தூரம், அவ்ளோ பேருக்கு முடியாதுன்னு சொல்லிட்டேன். நீ எட்த்துக்கினு வா. முடியும்னு சொல்றேன்."

"சோத்து வண்டியா?" நிமிர்ந்தார். "கம்பெனி பார்ட்ஸ் ஏத்தின வண்டிமே அது."

"அதுக்கு மின்ன கோழி ஏத்தின வண்டி."

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

நான் போனை எடுத்து இருங்காட்டுக்கோட்டைப் பையனைக் கூப்பிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து வரும் என்று சொல்லிவிட்டேன். வெளியே அவர் காதில் விழும்படித்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை

இடைப்பட்ட நாட்களில் எங்களுக்குள் பேச்சில்லை. அவர் வண்டிக்கு அடியில் இருந்தார். நான் அடுப்படியில் இருந்தேன். என்ன செய்கிறார் என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சொல்லப்போனால் பயம். திங்கட்கிழமை வண்டி கிளம்பாவிட்டால் அத்தனை சோற்றையும் என்ன செய்வது?

திங்கட்கிழமை விடியும் முன்னே எழுந்து உலை வைத்தேன். சோறு, சாம்பார், ரசம், கத்தரிக்காய்ப் பொரியல். எல்லாம் ஆனதும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் வண்டியின் பின்பக்கம் வைத்தேன். அவர் முன்பக்கம் ரேடியேட்டரில் ஏதோ செய்துகொண்டிருந்தார். திரும்பவில்லை. நானும் கூப்பிடவில்லை.

சாம்பார் அண்டாவைத்தான் அசைக்க முடியவில்லை. ஒரு பக்கம் பிடித்து இழுத்துப் பார்த்தேன். ஷிப்ட் முடிந்து வந்த இசக்கி, பையைத் தோளிலிருந்து இறக்காமலே ஓடி வந்து மறுபக்கம் பிடித்தாள். இருவரும் தூக்கினோம். வண்டியின் உயரத்துக்கு ஏறவில்லை. தளும்பி என் கையில் ஊற்றியது. சுரீரென்றது. விட்டால் மொத்தமும் போய்விடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தேன்.

"தள்ளுமே."

அவர்தான். கையைத் துணியில் துடைத்தபடி வந்தார். "சாம்பார்ல கிரீஸ் பட்டுரப் போவுது" என்று முணுமுணுத்துவிட்டு, என் பக்கத்தைப் பிடித்து ஒரே தம்மில் ஏற்றினார். மேலே ஏறி, பழைய நீலப் பெட்டிகளைக் கட்டும் கயிற்றை எடுத்து அண்டாவைச் சுற்றி இறுக்கினார். பிறகு இறங்கி என் கையைப் பிடித்துக் குழாயடிக்கு இழுத்துப் போனார். தண்ணீரைத் திறந்துவிட்டுப் பிடித்துக்கொண்டே நின்றார்.

"எரியுதா?"

"எரியுது."

"சரி, ஏறி ஒக்காரு."

சாவியைத் திருகினார். செல்ப் மோட்டார் ஒரு முனகல் முனகிவிட்டு நின்றது. மறுபடியும் அதே. மாதக்கணக்கில் நின்ற பேட்டரி. இசக்கி அறைக் கதவுகளை எல்லாம் தட்டினாள். லுங்கியும் தூக்கக் கண்ணுமாகப் பிள்ளைகள் வந்தார்கள். ஒருவனுக்கும் இன்னொருவனுக்கும் மொழி ஒன்றில்லை. தள்ளுவதற்கு மொழி வேண்டியிருக்கவில்லை. இசக்கியும் பின்னால் நின்று தள்ளினாள்.

சந்து முனைவரை போய்த் திணறியது. இருமியது. பிறகு ஒரு கறுப்புப் புகையை மொத்தத் தெருவின் மேலும் விட்டுவிட்டுப் பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் கத்தினார்கள். நான் கண்ணாடியில் பார்த்தேன். இசக்கி முகத்தைச் சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு, படுக்கப் போனாள்.

குடிதண்ணீர்

ஸ்ரீபெரும்புதூர் தாண்டுவதற்குள் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறியது. ஓரம் கட்டினார். ரேடியேட்டர் குழாயின் மூட்டில் ஆவி சீறிக்கொண்டிருந்தது. லாரிகள் எங்களை உரசிக்கொண்டு பறந்தன. ஒவ்வொன்றுக்கும் வண்டி ஆடியது, உள்ளே அண்டாக்கள் முனகின.

"தண்ணி வேணும்" என்றார்.

பிள்ளைகள் குடிப்பதற்கென்று எடுத்து வந்த கேன்தான் இருந்தது. கொடுத்தேன். ஆறும்வரை காத்திருந்து, கிளிப்பை இறுக்கி, பாதிக் கேனை ஊற்றினார். இன்னும் கொஞ்ச தூரம் போய் மீதியை ஊற்றினார். வழி நெடுக சைக்கிள்காரர்கள்கூட எங்களைத் தாண்டிப் போனார்கள்.

இருங்காட்டுக்கோட்டையில் அறைகளுக்குப் போகும் மாடிப்படியில் பிள்ளைகள் தட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். சிலர் காத்துப் பார்த்துவிட்டு பன்னும் டீயும் சாப்பிட்டிருந்தார்கள். செகண்ட் ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று ஒருவன் கோபப்பட்டான். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் இவர் பின்கதவை இறக்கிவிட்டுக் கரண்டியைக் கையில் எடுத்திருந்தார்.

"வா தம்பி, ஒனக்கு மொதல்ல. வழில வண்டி நின்னுட்ச்சி. தண்ணி மட்டும் கீழ கொழாய்ல புட்ச்சிக்க."

பரிமாறிக்கொண்டே இருந்தார். கத்தரிக்காய் வேண்டாம் என்றவனையும் விடவில்லை. அவர் முழங்கையில் ஆயில் கறை, கரண்டி பிடித்த கை மட்டும் சுத்தமாக இருந்தது. பசியில் வந்த பிள்ளைகள் அதையெல்லாம் கவனித்ததாகத் தெரியவில்லை. இரண்டாவது முறை சோறு கேட்டார்கள்.

அந்த வண்டி அதன் பிறகும் எத்தனையோ இடத்தில் நின்றிருக்கிறது. அதையெல்லாம் எழுதப்போனால் நான் எழுதிவரும் இந்தத் தொடரே வண்டித் தொடர் ஆகிவிடும். இசக்கி அடுத்த வருடம் வேறு கம்பெனிக்கு, பகல் ஷிப்டுக்கு மாறிப் போனாள்.

அன்று காலி அண்டாக்களோடு திரும்பும்போது எனக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கவே முடியவில்லை. கை எரிந்தது. அண்டாக்கள் பின்னால் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வந்தன. அவர் ஒரு கண்ணைச் சூட்டு முள் மேலும் ஒரு கண்ணைச் சாலை மேலும் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். ஒரகடம் மேம்பாலம் தெரிந்தபோது வாயைத் திறந்தார்.

"நாளைக்கி எத்தினி மணிக்கிக் கெளம்பணும்?"

"பத்து" என்றேன்.

"ஒம்போதரைக்கே ஏத்திடு. இது கெளம்ப நேரமாவும்."